சுங்கைப் பட்டாணியிலிருந்து லூனாஸ் வரை: ஆள் பிடிக்கக் கூட்டிய கச்சேரிகள்

இந்தப் பக்கத்தைப் படிக்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் பாட்டு எழுதுகிறவர்கள், அல்லது வார இறுதியில் கித்தாரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்கள் என்று தெரிகிறது. கேள்விகள் ஒரே மாதிரிதான் வருகின்றன. எந்த மண்டபத்தில் சத்தம் நன்றாகக் கேட்கும்? வாத்தியத்தை எப்படி ஏற்றிப் போவது? முதல் பாட்டாக எதை வைப்பது? தெரிந்ததைச் சொல்கிறேன். ஆனால் நான் அதையெல்லாம் கற்றுக்கொண்டது ஒரே ஒரு பயணத்தில். அந்தப் பயணத்தை விட்டுவிட்டு அறிவுரையை மட்டும் சொன்னால் அது பாதிப் பொய். ஜப்பான்காரன் வந்த இரண்டாம் வருஷம், சுங்கைப் பட்டாணியிலிருந்து பாடாங் சிராய் வழியாக லூனாஸ் வரை நானும் என் வீட்டுக்காரரும் சைக்கிளில் ஆர்மோனியத்தைக் கட்டிக்கொண்டு போனோம். எனக்கு வயது தொண்ணூறை நெருங்குகிறது, ஒற்றை விரலால்தான் இதைத் தட்டுகிறேன். கோபமாகத்தான் எழுதுவேன். பிடிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

முதலில் ஏன் போனோம் என்று சொல்ல வேண்டும். சண்டைக்கு முன்னால் என் வீட்டுக்காரர் ராசு, ஊருக்கு வந்துபோன நாடக செட்டுகளுக்கு டோலக் வாசித்தார். எனக்கு அவர் தாய்மாமன் மகன், அதனால் கடைசிவரை மாமா என்றுதான் கூப்பிட்டேன். நான் பாட்டுக் கட்டுவேன், ஆர்மோனியம் வாசித்துக்கொண்டே பாடுவேன். கல்யாணமோ காதுகுத்தோ தீமிதியோ, யார் கேட்டாலும் அன்றைக்கே ஒரு பாட்டு தயார். சண்டை வந்ததும் கப்பல்கள் நின்றன. ரப்பரை வாங்க ஆளில்லை, தோட்டங்களில் கூலி இல்லை. கூலி இல்லாத ஊரில் கச்சேரி ஏது? வீட்டுக்குப் பின்னால் மரவள்ளி நட்டோம். காலையில் அவித்த கிழங்கு, மாலையில் சுட்ட கிழங்கு.

அப்போதுதான் வடமலை வந்தான். முன்பு ஒரு சரக்குக் கடையில் கணக்கப்பிள்ளையாக இருந்தவன். ஊரே கோணிச் சாக்கைக் கிழித்து உடுத்திக்கொண்டிருந்த நேரத்தில் அவன் சலவைச் சட்டையும் வெள்ளைக் கான்வாஸ் சப்பாத்துமாக வந்து நின்றான்.

"அண்ணே, தோட்டத்து ஜனங்க சோந்து போய்க் கெடக்குறாங்க. ரெண்டு பாட்டு கேட்டா தெம்பா இருக்கும்லா. நாலு தோட்டம், ஒரே வாரம். அரிசி தரேன். கெழங்கு இல்லண்ணே, அரிசி."

"யாரு நடத்துறது?" என்று ராசு கேட்டார்.

"நான்தான் நடத்துறேன். ஜப்பான்கார ஐயா அனுமதி குடுத்துருக்காரு. வேற என்ன வேணும் ஒங்களுக்கு?"

அரிசி என்ற வார்த்தையைக் கேட்டதும் எங்கள் வாயில் எச்சில் ஊறியது. அதைப் பற்றி யாரும் எனக்கு நீதி சொல்ல வர வேண்டாம். பசியைக் காட்டிக் கூப்பிட்டவன்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன்.

அவன் மூன்று நிபந்தனை வைத்தான். கச்சேரி தோட்டத்துப் பெரட்டுக் களத்தில்தான் நடக்க வேண்டும். காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும் திடல் அது. ஆண்கள் முன்வரிசையில் உட்கார வேண்டும். கடைசியாக என்னுடைய கிழங்குப் பாட்டைப் பாட வேண்டும். அந்தப் பாட்டுக்கு எல்லோரும் கை தட்டுவார்கள், கூடவே கத்துவார்கள் என்பது அவனுக்குத் தெரியும். பாட்டு எழுதுகிற பிள்ளைகளே, உங்களைக் கூப்பிடுகிறவன் எந்தப் பாட்டு எந்த இடத்தில் வர வேண்டும் என்று சொன்னால், ஏன் என்று கேளுங்கள். ரசனையால் சொல்கிறான் என்று நாங்கள் நினைத்தோம்.

காலையில் வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிட்டோம். பாடாங் சிராய்க்குப் பதினான்கு கட்டை இருக்கும். மைலை அப்போது கட்டை என்போம். காற்றடிக்கும் டயர் எங்கும் கிடைக்காத காலம். தோட்டத்து ரப்பரைக் கட்டியாக வார்த்து ரிம்மில் மாட்டி ஓட்டினோம். கல்லில் ஏறினால் அடி நேராக முதுகெலும்புக்கு வரும். ஆர்மோனியத்தைக் கேரியரில் கட்டுகிறவர்கள் மெத்தென்று ஏதாவது அடியில் வையுங்கள். நான் பழைய தலையணை வைத்தேன். துருத்திப் பக்கம் மேலே பார்க்க வேண்டும், கயிறு வாசிக்கும் கட்டைகளின் மேல் அழுத்தக் கூடாது. மழைக்கு மெழுகுத்துணி. இன்றைக்குக் கீபோர்டை மோட்டார் சைக்கிளில் கட்டிப் போகிற பிள்ளைகளுக்கும் இதேதான்.

மூடா ஆற்றைச் சம்பான் படகில் கடந்தோம். அக்கரையில் காவல் சாவடி. சைக்கிளை விட்டு இறங்கி, இடுப்பை வளைத்துக் கும்பிட்டுத்தான் போக வேண்டும். சிப்பாய் ஆர்மோனியத்தைப் பிரிக்கச் சொன்னான். ஒரு கட்டையை அழுத்திப் பார்த்துச் சிரித்தான். பெட்டிக்குள் இருந்த என் பாட்டுத் தாள்களை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனுக்குத் தமிழ் தெரியாது. படிக்கத் தெரியாத எழுத்து என்பதாலேயே சந்தேகம் வந்துவிட்டது. முழுவதையும் கிழித்து ஆற்றில் போட்டான். இரண்டு வருஷம் கட்டிய பாட்டுகள். ராசு என் கையை அழுத்தி, "தலயில இருக்கில்ல புள்ள, வா" என்றார். தலையில் பாதிதான் இருந்தது. உங்கள் பாட்டை இன்னொருவருக்காவது மனப்பாடமாகச் சொல்லிக் கொடுத்து வையுங்கள். தாளையும் பெட்டியையும் நம்ப வேண்டாம்.

முதல் தோட்டம் பாடாங் சிராயிலிருந்து உள்ளே ஒரு கட்டை தூரம். மண்ணெண்ணெய் இல்லாததால் கச்சேரி பிற்பகலில்தான். தோட்டத்து வீட்டு வரிசையான லயத்திலிருந்து ஜனங்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். உடம்பில் சதை இல்லாத ஜனங்கள். முகத்தில் மட்டும் ஒரு ஆவல். அந்தக் கூட்டத்தைப் போல ஒரு கூட்டம் எனக்குப் பிறகு அமையவில்லை. தாலாட்டுக்கு அழுதார்கள், மாமியார் பாட்டுக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கடைசியில் கிழங்குப் பாட்டு.

கிழங்கே கிழங்கே மரவள்ளிக் கிழங்கே,
எங்க கல்யாண விருந்துக்கும் நீதானா கிழங்கே?

நான் ஒரு அடி பாடினால் கூட்டம் முழுவதும் "நீதானா கிழங்கே?" என்று திருப்பிக் கத்தும். பதில் வரி இப்படிச் சின்னதாக இருக்க வேண்டும். இரண்டு தடவை கேட்டால் மூன்றாம் தடவை ஜனங்களே பிடித்துக்கொள்ள வேண்டும். நான் கட்டியதிலேயே நன்றாக அமைந்த பாட்டு அது. அந்தச் சத்தத்தில் லாரி வந்தது யாருக்கும் கேட்கவில்லை.

மேடையிலிருந்த நான்தான் முதலில் பார்த்தேன். கூட்டத்துக்குப் பின்னால் துப்பாக்கியோடு சிப்பாய்கள் வளைத்து நின்றார்கள். என் விரல் நின்றது. வடமலை மேடையோரம் வந்து, "நிறுத்தாதம்மா, பாடு, பாடு" என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

முன்வரிசையில் இருந்த ஆண்களைத் தோளைத் தொட்டுத் தொட்டு எழுப்பினார்கள். தோள் திடமாக இருந்தவன் லாரிக்கு. இருமுகிறவனையும் கிழவனையும் தள்ளிவிட்டார்கள். பெண்கள் ஓடிவந்து புருஷன் காலைப் பிடித்தார்கள், துப்பாக்கிக் கட்டையால் அடி விழுந்தது. வடமலை மேடையில் ஏறி நின்று சத்தமாகச் சொன்னான்: "சயாம்ல ரயில் சடக்கு போடுறாங்க. மூணு மாசம்தான். சம்பளம், அரிசி, துணி எல்லாம் உண்டு. பயப்படாதீங்க!" லாரிகள் போய்விட்டன. கை தட்டிக்கொண்டிருந்த கைகள்தான் போயின.

ஒரு பெண் மேடைக்கு வந்தாள். என்னைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கும். முன்கையில் தேள் உருவம் பச்சை குத்தியிருந்தாள். ஆர்மோனியத்தின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள்.

"பாட்டு கேக்க வந்தோம். பாட்டு கேக்கத்தானே வந்தோம்!"

எங்களுக்குத் தெரியாது என்றேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. வடமலை கொடுத்த அரிசி மூட்டையைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாக் கொட்டாயில் ராசு இறக்கி வைத்தார். யாரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று மாலையே வீட்டுக்குத் திரும்பப் பார்த்தோம். வந்ததுமே எங்கள் பயணப் பாஸ் இரண்டையும் வடமலை வாங்கி வைத்துக்கொண்டிருந்தான். பாஸ் இல்லாமல் சாவடியைத் தாண்ட முடியாது. ராசு போய்க் கேட்டார்.

"நாளான்னைக்கு லூனாஸ் பக்கத்துத் தோட்டம். அதுக்கப்புறம் பேசிக்கலாம்" என்றான் அவன். பிறகு ராசுவின் தோளை, மாட்டைத் தொட்டுப் பார்ப்பதுபோலத் தொட்டான். "ஒங்க தோளும் நல்ல தோளுதாண்ணே. கலைஞராச்சேன்னு விட்டு வச்சிருக்கேன்."

பயணம் கிளம்பும் பிள்ளைகள் இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வருவதற்கான வழி உங்கள் கையில் இருக்க வேண்டும். பாஸோ டிக்கெட்டோ வண்டிச் சாவியோ, கூப்பிட்டவனிடம் கொடுத்து வைக்காதீர்கள்.

மறுநாள் விடிந்ததும் லூனாஸுக்குக் கிளம்பினோம். நாலைந்து கட்டைதான், ஆனால் மழை பெய்து செம்மண் பாதை குழம்பாகிவிட்டது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தோம். ராசு டோலக்கின் தோலைக் கிழித்துவிடலாம் என்றார்.

"கிழிச்சா வேற டோலக் வரும்" என்றேன். "இல்லன்னா கச்சேரி இல்லாமலே வளைப்பான். ஒங்களையும் சேத்து ஏத்துவான்."

"அப்ப என்னதான் பண்றது?"

"கச்சேரி நடக்கணும் மாமா. ஆம்பளைங்க மட்டும் அங்க இருக்கக் கூடாது."

நான் எப்போதும் ஒரு நாள் முன்னதாகவே போய்விடுவேன். லயத்தில் நடந்து, தண்ணீர் பிடிக்கிற இடத்தில் நின்று, அந்த வாரம் என்ன நடந்தது என்று பெண்களிடம் கேட்டு, அதிலிருந்து ஒரு அடி கட்டிப் பாட்டில் சேர்ப்பேன். தங்கள் ஊர்ச் சங்கதியைப் பாட்டில் கேட்டால் எந்தக் கூட்டமும் நிமிர்ந்து உட்காரும். நீங்களும் செய்து பாருங்கள். வடமலைக்கு இந்தப் பழக்கம் தெரியும், அதனால் நாங்கள் முன்னதாகப் போனதில் அவனுக்குச் சந்தேகம் வரவில்லை. அவன் லாரிகளோடுதான் வருவதாக ஏற்பாடு.

தண்ணீர்த் தொட்டியடியில் அஞ்சலையைப் பார்த்தேன். பால் மரம் வெட்டுகிறவள், அதாவது ரப்பர்ப் பால் எடுக்கிறவள். நல்ல உயரம், பேசும்போது எதிரில் இருப்பவரின் கண்ணை விட்டுப் பார்வை நகராது. அவள் புருஷனும் இரண்டு கொழுந்தன்மாரும் அதே லயத்தில் இருந்தார்கள். நடந்ததைச் சொன்னேன். அவள் குடத்தைக் கீழே வைக்கவில்லை.

"நாளைக்கு அரிசி குடுக்குறேன்னு சொல்லிருக்காங்க. நீ வந்து வேண்டாங்குற. ஒனக்கு என்னா வேணும் தங்கச்சி? எங்க பங்கு அரிசியா?"

"அங்க ஒரு அக்கா என் பெட்டியப் புடிச்சு உலுக்கினாங்க. அவுங்க புருஷன ஏத்திட்டுப் போயிட்டாங்க. கையில தேள் பச்ச குத்தியிருந்துச்சு."

குடம் கீழே வந்தது.

"எந்தக் கை?"

"வலது கை. கொடுக்கு மணிக்கட்டு வரைக்கும் வரும்."

"மாரியாயி" என்றாள். "என் தங்கச்சி. அங்கதான் கட்டிக் குடுத்துருக்கோம்." பிறகு, "அழுதாளா?" என்று கேட்டாள்.

"அழுவல. கத்தினாங்க."

"அவதான்" என்றாள் அஞ்சலை.

அதற்குப் பிறகு யோசனை எல்லாம் அவளுடையது. ஆண்களைக் காட்டுக்கு அனுப்புவது பெரிய காரியமில்லை. ரப்பர் காட்டுக்குப் பின்னால் சதுப்பு நிலம், அதைத் தாண்டி லாலான் புல் ஆள் உயரத்துக்கு. ஆனால் தோட்டத்து ஆபீஸ் ஒரு மேட்டில் இருந்தது. அதன் வராந்தாவிலிருந்து பார்த்தால் பெரட்டுக் களம் முழுவதும் தெரியும். கூட்டம் சேர்ந்ததா என்று பார்த்து லாரிக்கு ஆள் அனுப்புவது கிராணியின் வேலை. ஆபீஸ் எழுத்தரைத் தோட்டத்தில் கிராணி என்போம். முன்வரிசையில் ஆண்கள் இல்லை என்று அவர் பார்த்துவிட்டால் காட்டை உடனே வளைத்துவிடுவார்கள். ஆண்கள் தூரம் போக நேரம் வேண்டும்.

"நாம ஒக்காருவோம் முன்வரிசையில" என்றாள் அஞ்சலை. "புருஷன் சட்டையும் கைலியும் போட்டுக்கிட்டு, தலைல துண்டக் கட்டிக்கிட்டு. மேட்டுலேருந்து பாத்தா என்னா தெரியும்?"

"புடிச்சு வெச்சு ஏண்டி இப்படி வந்தீங்கன்னு கேட்டா?" என்றேன் நான்.

"யாருகிட்ட சேல இருக்கு இப்ப? இருக்குறத உடுத்திக்கிட்டு வந்தோம்னு சொல்லுவோம். பொய்யா என்ன?"

உண்மைதான். பாதிப் பெண்களுக்கு ஒரு முழுச் சேலை கிடையாது.

ராசுவையும் காட்டுக்குப் போகச் சொன்னேன். லயத்துக்குப் பின்னால் நின்று அன்றுதான் எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சத்தம் போட்டுச் சண்டை போட்டோம்.

"டோலக் சத்தம் மேட்டுக்குக் கேக்கும் புள்ள. கேக்கலன்னா கிராணி எறங்கி வருவான்."

"வரட்டும். நான் சமாளிக்கிறேன்."

"எத்தன பேரு போறாங்க இன்னைக்கு? அத்தன பேரும் தப்பிக்கணும்னா ஒருத்தன் வாசிக்கணும். எனக்குக் கலைஞன்னு வடமலை குடுத்த கைப்பட்டை இருக்கு. கலைஞனத் தொட மாட்டான்."

தொட மாட்டான் என்பதை அவரும் நம்பவில்லை. குரலிலேயே தெரிந்தது. மேலே பேச அவர் விடவில்லை.

மறுநாள், ஆண்கள் காட்டுக்குள் போன பிறகு, பிற்பகலில் கச்சேரி தொடங்கியது. எனக்கு எதிரே பத்து வரிசை தலைப்பாகை. சட்டையின் கை மடித்து, கால் மேல் கால் போட்டு, சிலர் பீடியும் பிடித்தார்கள். அஞ்சலை மீசைக்குக் கரி பூசியிருந்தாள். தாடையைத் தடவிக்கொண்டே தலையை ஆட்டி ரசிக்கிற ஒரு பெரிய மனிதரைப் போல அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, அந்தப் பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. நாடக மேடையில் ஆண்கள் பெண் வேஷம் போட்டதை எத்தனையோ பார்த்திருக்கிறேன். அதில் எதுவும் இதற்கு ஈடாகாது. பத்துப் பாட்டு பாட வேண்டிய இடத்தில் பதினைந்து பாடினேன். ஒவ்வொரு பாட்டையும் இழுத்தேன். ராசு அன்றைக்கு வாசித்ததைப் போல நான் கேட்டதில்லை. தனி ஆவர்த்தனம் என்று சொல்லி அவர் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே இருந்தார். கைத்தட்டு மேட்டுக்குக் கேட்டிருக்கும்.

கிழங்குப் பாட்டு பாதியில் லாரிகள் வந்தன. சிப்பாய்கள் வளைத்தார்கள். முதல் வரிசையில் தோளைத் தொட்ட சிப்பாய் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். தலைப்பாகையை இழுத்தான். கொண்டை அவிழ்ந்து விழுந்தது. அடுத்தது, அதற்கடுத்தது. எங்கேயோ ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். அதற்குமேல் பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். பயத்தில் வருகிற சிரிப்பு அது, நிறுத்த முடியாது.

அதிகாரி வடமலையைக் கூப்பிட்டு இரண்டு கன்னத்திலும் அறைந்தான். அந்த அறையைப் பார்த்ததில் எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். வடமலை நேரே மேடைக்கு வந்து கான்வாஸ் சப்பாத்துக் காலால் ஆர்மோனியத்தை மிதித்தான். துருத்தி கிழிந்து ஒரு நீண்ட சத்தம் போட்டு அடங்கியது. பிறகு ராசுவைக் காட்டினான்.

"இவன் இருக்கான். இவன ஏத்துங்க."

கைப்பட்டையைக் காட்டினார். பிடுங்கிப் போட்டார்கள். நான் லாரியின் பின்கதவைப் பிடித்துக்கொண்டேன், விரலில் அடி விழுந்தது. மேலே ஏறியவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "டோலக் கயித்தத் தளத்தி வெச்சிரு புள்ள. இப்படியே விட்டா தோலு போயிரும்." சாயந்திரம் திரும்பி வரப்போகிறவர் சொல்வதுபோலச் சொன்னார்.

பெண்களை வெயில் சாயும்வரை களத்தில் முட்டி போட வைத்தார்கள். அஞ்சலையின் முதுகில் மூங்கில் தடியால் அடித்தார்கள். ஆண்கள் எங்கே என்று ஒருத்தியும் சொல்லவில்லை. அன்று அந்த லயத்திலிருந்து லாரியில் ஏறியது என் வீட்டுக்காரர் ஒருவர்தான். அதோடு முடிந்ததா என்றால், இல்லை. அடுத்த மாதங்களில் பாதையில் வைத்தும் பாசாரில் வைத்தும் சிலரைப் பிடித்தார்கள், அதில் அஞ்சலையின் கொழுந்தன் ஒருவனும் போனான். ஆனால் அவள் புருஷன் போகவில்லை.

ஒரு வாரப் பயணம் என்று கிளம்பினேன். ஜப்பான்காரன் போகும்வரை லூனாஸ் லயத்திலேயே இருந்தேன். பாஸ் இல்லை, போக இடமும் இல்லை. அஞ்சலை வீட்டில் படுத்து, அவளோடு கிழங்கு நட்டுச் சாப்பிட்டேன். சண்டை முடிந்து சயாமிலிருந்து எலும்பும் தோலுமாக ஆட்கள் திரும்பினார்கள். அவர்களில் ஒருவர் ராசுவோடு ஒரே முகாமில் இருந்தவர். மழைக்காலத்தில் வாந்திபேதி வந்தது, பல பேரைச் சேர்த்துப் புதைத்தார்கள், அவரும் அதில் என்றார். எந்த இடம் என்று கேட்டேன். அவருக்கு இடத்தின் பெயர் தெரியவில்லை. ரயில் போட ஆள் பெயர் தேவைப்படவில்லை, புதைக்கும்போதும் தேவைப்படவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததுதான் இந்தக் கட்டுரையை எழுத வைக்கிற கோபம். ஒரு வருஷத்துக்குள் கூலிம் பட்டணத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். சயாமில் மாண்டவர் குடும்பங்களுக்கு உதவி நிதிக் கச்சேரி. பாடுகிறவர் என்று என் பெயர். என்னை யாரும் கேட்கவில்லை. ஏற்பாடு செய்பவர் என்று வடமலையின் பெயர், அதற்கு முன்னால் 'கலைக் காவலர்' என்று ஒரு பட்டம்.

லூனாஸிலிருந்து கூலிமுக்கு ஐந்து கட்டை. அஞ்சலையும் மாரியாயியும் லயத்துப் பெண்களும் என்னோடு நடந்தே வந்தார்கள். மண்டபம் நிறைந்த கூட்டம். இரவல் ஆர்மோனியம் ஒன்று மேடையில் இருந்தது. நான் அதன் முன்னால் உட்காரவில்லை, நின்றேன். பாடாங் சிராயில் நடந்ததையும் லூனாஸில் நடந்ததையும் சொன்னேன். ஆளின் பெயரைச் சொன்னேன். அவன் முன்வரிசையில் மாலையோடு உட்கார்ந்திருந்தான்.

தலைமை தாங்கிய பெரியவர் எழுந்து, "பழச ஏம்மா கெளறுற? ஏழைங்களுக்குச் சேருற காசு இது" என்றார்.

வடமலை என்னைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்த்துப் பேசினான். "அந்தக் காலத்துல யாரு என்னா செஞ்சிருக்க முடியும்? துப்பாக்கி அவன் கையில. எனக்கும் புள்ளகுட்டி இருந்துச்சு."

மாரியாயி எழுந்தாள். "எங்களுக்கும் இருந்துச்சு" என்றாள். "நீ சிரிச்சியே, அது எதுக்கு? அதுக்கும் துப்பாக்கி காட்டினானா?"

அவன் கழுத்து மாலையைச் சரிசெய்துகொண்டான். சயாமில் ஆளைப் பறிகொடுத்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வெளியே போனார்கள். பாதி மண்டபம் காலியானது. மீதிப் பாதி உட்கார்ந்தே இருந்தது. வேறொரு பாட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கச்சேரியை நடத்தினார்கள். வடமலை பிறகு கடை வைத்தான், கோயில் விழாக்களில் பரிவட்டம் கட்டிக்கொண்டான், வயதாகிப் படுக்கையில் செத்தான். என்னைக் கலகக்காரி என்று சொல்லி ஐந்தாறு வருஷம் கூலிம் பக்கம் யாரும் மேடைக்குக் கூப்பிடவில்லை. இப்படி முடிந்ததை மாற்றி எழுத எனக்கு ஆசைதான். ஆனால் நடந்தது இதுதான்.

இப்போது பாடப் போகிறவர்களுக்கு. சுங்கைப் பட்டாணியிலிருந்து லூனாஸ் இன்று காரில் ஒரு மணி நேரத்துக்குள். அந்தத் தோட்டத்தில் வீடுகள் வந்துவிட்டன, பெரட்டுக் களம் இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. பெயர்ப்பலகை ஏதும் இல்லை, தேடிப் போக வேண்டாம். வழியில் பாடாங் சிராயில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பசித்த வயிற்றோடு எந்த ஒப்பந்தமும் பேசாதீர்கள். மேடையைப் போடுகிறவர் யார், அவருக்கு அதில் என்ன கிடைக்கிறது என்று கேளுங்கள். கேட்டால் அடுத்த வாய்ப்பு போய்விடும் என்று பயப்படுகிறீர்கள். போகட்டும். 'நாங்கள் பாடத்தான் வந்தோம், மற்றது எங்கள் வேலை இல்லை' என்று போன வாரம் ஒரு பையன் இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தான். தம்பி, நீ பாடுவதால்தான் அந்த ஜனங்கள் வந்து உட்காருகிறார்கள். உன்னை நம்பித்தான் அவர்கள் முதுகைக் காட்டி உட்காருகிறார்கள்.

அதனால் ஒலிபெருக்கியைச் சரிபார்த்து முடித்ததும் மேடையை விட்டு இறங்குங்கள். கூட்டத்தின் கடைசி வரிசைக்கும் பின்னால் போய் நின்று, அங்கே யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்து பாடத் தொடங்குங்கள்.